தானாக வரும் ஸலாம்

அஸ்ஃபி,
புதன்கிழமை

என் ஈரக்குலையான மகன் அப்துல் கஃபூருக்கு, உம்மா ருகிய்யா தன் கைப்பட எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். மொன்றியாலின் குளிரில் நீயும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக.

போன் இருக்கும்போது இந்தக் கிழவி எதற்குத் தபால்தலை ஒட்டுகிறாள் என்று நினைப்பாய். காரணம் கீழே வரும், பொறுமையாகப் படி. எழுத்து பெரிதாக இருப்பதற்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது.

ஊரில் இந்த வருடம் மத்தி வரத்து குறைவு. மாடி வீட்டு துரிய்யாவின் பூனை மீன்தலைக்கு ஏங்கி என் வாசலிலேயே கிடக்கிறது. அந்த துரிய்யாதான் என்னை இழுத்துக்கொண்டுபோய்ப் பெண்கள் சங்கத்தில் இன்டர்நெட் வகுப்பில் சேர்த்துவிட்டாள். சிரிக்காதே. நான் இப்போது விஷயம் தெரிந்தவள். பிரவுசர் என்பது வாசல். அதன் வழியாகத்தான் எந்தத் தளத்துக்கும் போக வேண்டும். பாஸ்வேர்ட் சாவி. கிளவுட் என்று சொல்கிறார்களே, அது ஆகாயத்தில் இல்லையாம். நம் பெட்டியை அடுத்தவர் வீட்டில் போட்டுவைப்பதுதானாம். ஒரு நாள் குக்கர் விலை பார்த்தேன். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் குக்கர் முன்னால் வந்து நிற்கிறது. அதற்குக் காரணமான சமாசாரத்துக்கு குக்கி என்று பெயராம். மெயிலில் ஸ்பேம் என்று ஒரு குப்பைப் பெட்டியும் உண்டு. நல்ல கடிதங்களும் சில நேரம் அதில் விழுந்துவிடும் என்று டீச்சர் இப்திஸாம் சொன்னாள். வீட்டுக்கு வந்து முழுவதையும் கிளறிப் பார்த்தேன். உன்னுடையது எதுவும் இல்லை.

போன வாரம் வகுப்பில் என் மானம் போனது. டெலிபோன் கம்பெனியிலிருந்து 'அஸ்ஸலாமு அலைக்கும், ருகிய்யா அம்மையாரே' என்று மாதாமாதம் செய்தி வரும். பெயர் சொல்லி ஸலாம் சொன்னவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? நானும் வ அலைக்கும் ஸலாம் போட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்து எழுதிவந்தேன். இப்திஸாம் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். துரிய்யா விடுவாளா? "அடியே ருகிய்யா, கம்பெனிக்காரன் பொண்டாட்டிக்கு இது எத்தனாவது மாசம்னு கேட்டியா?" என்று கத்தினாள். கூடமே குலுங்கியது. பிறகு இப்திஸாம், பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு, மெல்லச் சொன்னாள்: "லல்லா, அந்தப் பக்கம் ஆளே கிடையாது. ஒரு தடவ எழுதி நேரத்தக் குறிச்சு வெச்சா போதும். வாராவாரம்னாலும் தானாப் போய்க்கிட்டே இருக்கும். எழுதினவரு மறந்தாக்கூடப் போகும்."

நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் போன கோடை ஞாபகத்துக்கு வந்தது.

நீ வந்திருந்தாய். வெள்ளிக்கிழமை. தொழுதுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, குஸ்குஸைச் சின்ன வயதில் போலவே கையால் உருட்டிச் சாப்பிட்டாய். உன் போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது. அப்போது என் மடியில் இருந்த போன் மணியடித்தது. வெள்ளிதோறும் உன்னிடமிருந்து வரும் அதே ஸலாம். 'ஜும்ஆ முபாரக், உம்மா. தூரத்திலிருந்து உங்கள் கையை முத்தமிடுகிறேன். அல்லாஹ் எல்லாவற்றையும் லேசாக்குவான்.' நீ கை நீட்டினால் தொடும் தூரத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தாய். கனடாவில் கிளம்பியது வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு இப்போதுதான் வந்து சேர்ந்தது என்று நினைத்தேன். அப்படித்தான் துரிய்யாவிடமும் சொன்னேன்.

அந்த வார்த்தைகள் ஒரு நாளும் மாறியதில்லை, மகனே. நான்தான் அவற்றை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு விதமாகப் படித்துக்கொண்டேன். கூரை ஒழுகுகிறது என்று எழுதினேன். அல்லாஹ் லேசாக்குவான் என்று வந்தது. ஆறுதலாக இருந்தது. கண் ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கேட்கிறார், கூட இருக்க ஆள் வேண்டுமாம், நீ எப்போது வருவாய் என்று எழுதினேன். அதற்கும் அல்லாஹ் லேசாக்குவான் என்று வந்தது. மகன் லீவு கேட்டிருக்கிறான்போல என்று இரண்டு தேதிகளைத் தள்ளிப்போட்டேன். இனியும் தள்ளினால் பார்வைக்குத் தான் பொறுப்பில்லை என்கிறார் டாக்டர். நான் எழுதியவற்றின் பக்கத்தில் இரண்டு சாம்பல் நிறக் குறிகள் நிற்கின்றன. படித்தால் நீலமாகுமாம். சிலர் அந்த நீலத்தை அணைத்து வைத்திருப்பார்கள் என்றும் இப்திஸாம் சொன்னாள். நீயும் அப்படித்தான் செய்திருப்பாய்.

கோபமில்லை. கொஞ்சம் இருந்தது, எழுத எழுதத் தீர்ந்துவிட்டது. உனக்கு வேலை அதிகம், எனக்குத் தெரியும். மறந்துவிடக் கூடாது என்றுதானே அப்படி வைத்தாய். ஆனால் மகனே, நீ மறந்தே போயேன். மூன்று வாரம் மறந்துவிட்டு, நான்காம் வாரம் திடுக்கிட்டுக் கூப்பிட்டு, "உம்மா, போன் ரிப்பேரு" என்று ஒரு பொய் சொல்லு. அந்தப் பொய்யை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிவேன்.

ஆபரேஷனுக்குக் கூட யார் வருவார்கள் என்று டாக்டர் நேற்றும் கேட்டார். மகன் வருவான் என்று சொல்லியிருக்கிறேன். நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம்.

உன் கைகளுக்கு பரக்கத் உண்டாகட்டும். நீ போகும் வழியெல்லாம் அல்லாஹ் உனக்குக் காவலாக இருக்கட்டும்.

இந்தக் கடிதம் வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை வெள்ளிதோறும் அந்த ஸலாம் வரும், நானும் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை அது வராமல் போனால், என் மகன் கடிதத்தைப் படித்துவிட்டான் என்று தெரிந்துகொள்வேன்.

உன் உம்மா,
ருகிய்யா