வழி மாறிய ரத்தம்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி
தாது வருஷம், ஆவணி மாசம்

ரங்கூனில் இருக்கும் சிரஞ்சீவி கந்தப்பனுக்குச் சித்தப்பன் காளிச்சாமி அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை கண்ணு. உன் அப்பாவுக்கு ஆடியிலிருந்தே வயிறு ஊதிக் கண் மஞ்சளாய்க் கிடந்தது, இப்போது அதற்கு மேல் புத்தியும் தடுமாறுகிறது. சட்டையைக் காலில் மாட்டுகிறார், பகலெல்லாம் தூங்கிவிட்டு ராவில் ஏர் பூட்டச் சொல்கிறார், கையை நீட்டச் சொன்னால் கோழி றெக்கை அடிக்கிற மாதிரி ஆடுகிறது. காத்துக் கருப்பு என்று ஊரே சொன்னது. நான் சும்மா இருப்பேனா, ஜில்லாவிலேயே இல்லாத பெரிய கிடாயாகப் பிடித்து முனியப்பனுக்கு வெட்டி, தெம்பு வரட்டும் என்று ஈரலும் கறியுமாக என் கையாலேயே அண்ணனுக்கு ஊட்டினேன். மறுநாள் விடிய எழுப்பினால் அவர் எழவில்லை.

மோட்டார் பிடித்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்தோம், கலெக்டர் வண்டியே எனக்கு ஒதுங்கி வழிவிட்டது என்று வைத்துக்கொள். டாக்டர் லட்சுமணசாமி பார்த்தார். குடலிலிருந்து வருகிற ரத்தம் ஈரலுக்குள் போய்ச் சுத்தமாகித்தான் மேலே போக வேண்டுமாம். இத்தனை வருஷச் சாராயத்தில் ஈரல் கல்லாய் இறுகிவிட்டதால், ரத்தம் உள்ளே போகாமல் பக்கத்து நரம்பு வழியாகச் சுற்றிக்கொண்டு அழுக்கோடு தலைக்கு ஏறுகிறதாம். நான் உடனே, ஏனுங்க டாக்டர், மடை அடைச்சுக்கிட்டாத் தண்ணி வரப்பை உடைச்சுக்கிட்டுப் போற மாதிரிங்களா என்றேன். நீங்க லண்டன்ல படிச்சீங்களா என்றே அவர் கேட்டுப்போட்டார். அந்தப் பெருமை ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. கறி ஏதாச்சும் குடுத்தீங்களா என்று அடுத்துக் கேட்டார், அந்த அழுக்கைக் கூட்டுவதே அதுதானாம். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அழுக்கு வெளியேறப் பேதி மருந்தும், கறிக்குப் பதில் அரிசிக் கஞ்சியும் கொடுத்த பிறகு நேற்றுக் கண் திறந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, கந்தப்பா, வந்துட்டயா சாமி என்றார். நான் ஆமாங்கப்பா என்று சொல்லிப்போட்டேன். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே தூங்கினார். புத்தி தெளியலாம், தெளிந்தாலும் மறுபடி மங்கலாம் என்கிறார் டாக்டர். நான் ஆயிரம் கதை அளந்தவன், ஒன்றுக்கும் பயந்ததில்லை. ஆனால் தெளிந்து எழுந்து, கந்தப்பன் எங்கே என்று கேட்பாரே, அதை நினைத்தால் பயமாயிருக்கிறது. கேட்காமலே போய்விட்டால் என்று நினைத்தால் அதைவிடப் பயமாயிருக்கிறது.

அடுத்த கப்பலுக்கே ஏறிவிடு. உன் துரையிடம் சித்தப்பன் சொன்னதாகச் சொல், லீவு கொடுக்காமல் இருக்க மாட்டார். கம்பளி எடுத்துக்கொள், கடல் காற்று உனக்கு ஆகாது. அவிநாசியப்பர் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். நீ வந்து சேருகிற வரைக்கும் கந்தப்பனாக நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்
காளிச்சாமி