ஒன்றுக்கும் உதவாத மணிக்கூடு

கண்டி, ஆவணி 1983

அன்புள்ள கமலாசனிக்கு,

சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? நான் சுகம். கலவரம் அடங்கிக் கடையும் திறந்தாயிற்று, பயப்பட வேண்டாம்.

நேற்று ஒருவன் பழைய சுவிஸ் கைமணிக்கூடொன்றை விலை மதிக்கத் தந்தான். பின்மூடியைக் கழற்றினால், உள்ளே நான் திருத்துகிறவற்றில் போடும் அடையாளக் கீறல். கலவரத்தன்று இங்கே மஹய்யாவவில் காணாமற்போன, ஊரில் எங்கள் அயல்வீட்டுச் சோதிலிங்கத்தாருக்குத் தை மாதம் துடைத்துக் கொடுத்தது.

“நல்ல சாமானா?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“போலி. ஒன்றுக்கும் உதவாது” என்றேன். மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் பனம்பழப் பினாட்டுக் கொடுத்துவிடும். இங்கத்தைச் சோறு இறங்குவதில்லை.

சோதிலிங்கத்தாரின் மனைவி பத்மாதேவி கேட்டால், தேடுகிறோம் என்று சொல்லும். மணிக்கூட்டைப் பற்றி மூச்சுக் காட்ட வேண்டாம். நித்திரையிலும் அவர் அதைக் கழற்றாதவர் என்று அவவுக்குத் தெரியும்.

தபாலுக்கு நேரமாகிறது.

தம்பிராஜா