பாறுகள் இறங்கும் வயல்

பூசான், 6 ஜனவரி 2004

அன்புத் தங்கை மல்சுன்னுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். உன் பக்கத்து வீட்டு யோம் பெரியவர் நேற்று அழைத்தார். நீ வயலில் இறைச்சி போட்டு வரவழைக்கும் கழுகு அவருடைய ஆட்டுக்குட்டியைக் கொன்றுவிட்டதாம். ஊரே உன்னைப் பிணக்கழுகுக்காரி என்கிறதாம். உடனே நிறுத்து. இல்லாவிட்டால் நம் இருவர் பெயரிலும் உள்ள அந்த வயலை விற்றுவிடுவேன்.

உன் அண்ணன்,
கிதோங்


கோசோங், 10 ஜனவரி

அண்ணா,

நலம். என் கறிக்கடையும் நலம். யோம் சொன்னதைக் கேட்டாய், இனி நான் சொல்வதைக் கேள்.

"உன் கழுகு என் குட்டியத் தூக்கிடுச்சு!" என்று வாசலில் வந்து கத்தினார்.

"தூக்கிடுச்சா? குட்டி உங்க தொழுவத்துலதானே கெடக்கு! கழுத்துல நாய்ப்பல்லு பதிஞ்சிருக்கு, பாருங்க!" என்றேன்.

வேட்டைக் கழுகின் கால் இரையை இறுக்கிப் பிடிக்கும். இது பாறு. உடல் கறுப்பு, தலையில் வெறும் பூமயிர். காலோ கோழிக்கால் போல, நகம் மழுங்கியது. செத்ததைத்தான் தின்னும். மங்கோலியாவில் பெரியவற்றோடு போட்டியிட முடியாத இளம் பாறுகள்தான் பசியோடு இங்கே வருகின்றன. கடையில் மிஞ்சும் கொழுப்பைப் போடுகிறேன். நிறுத்த மாட்டேன்.

மல்சுன்


பூசான், 16 ஜனவரி

மல்சுன்,

வயலை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்த உன் பெயர் முத்திரையை அனுப்பி வை. அதுவரை நீ இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம். வரும் சந்திரப் புத்தாண்டன்று அப்பாவின் படையலுக்கும் வராதே.

கிதோங்


கோசோங், 3 பிப்ரவரி

அண்ணா,

படையலை இங்கே நானே வைத்தேன். பெண் வைத்தால் அப்பா சாப்பிட மாட்டாரா என்ன? முத்திரையை அனுப்ப மாட்டேன். எத்தனை கடிதம் எழுதினாலும் இதே பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்ததை யோம் சொன்னார். வயல் ஓரத்தில் காரை நிறுத்தி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாயாம்.

"இம்மாம் பெரிசா இருந்துக்கிட்டு காக்காய்க்குப் போய் பயப்படுதே!" என்று அவரிடம் கேட்டாயாம்.

"காக்கா வாலப் புடிச்சு இழுத்தாக்கூட திருப்பிக் கொத்தத் தெரியல, பாவம்" என்றாராம் அவர். அன்று என் வாசலில் கத்திய அதே மனிதர்தான்! இப்போது தன் நாயைக் கட்டிப் போட்டிருக்கிறார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டாம்.

அவ்வளவு தூரம் வந்தவன் என் கதவைத் தட்டாமல் போனாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வயலுக்குப் போவேன். நான்கு வாளி கொழுப்பு, எனக்கு இருப்பதோ இரண்டு கை. வருவதென்றால் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வா. காரிலேயே உட்கார்ந்திருந்தாயானால் ஒரு வாளியை அதன் மேலேயே கவிழ்த்துவிட்டுப் போவேன்.

மல்சுன்