நான்காம் சரணம்

மார்ச் 4

மதிப்பிற்குரிய பாடகர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பாடல் பல நாடுகளில், பல மொழிகளில் ஒலிப்பதாக அறிகிறேன். மகிழ்ச்சி. ஆயினும் ஒரு குறை.

வராத கணவனுக்காகச் சாப்பாட்டைச் சூடாக்கி, விளக்கேற்றி, ஜன்னலோரம் நிற்பவளைப் பற்றி மூன்று சரணங்கள் எழுதினேன். நான்காவதில் அவள் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, வெளியேறுகிறாள். நான் எழுதுவதும், தங்கள் மூச்சுக்கு மிஞ்சியதைத் தாங்கள் வெட்டுவதும் நம் வீட்டு வழக்கம். ஒலிப்பதிவில் நான்காவதை வெட்டினீர்கள். பாட்டில் தங்களுக்குப் புரியாததை அடுத்த வாரமே நேரில் செய்துகாட்டினேன். உலகத்தின் காதில் மட்டும் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று தங்கள் தங்கை தொலைபேசியில் அழைத்து, "அண்ணி, இன்னும் அண்ணன் நெனப்பாவே இருக்கீங்களாமே, ரேடியோல சொன்னாங்க" என்றாள். கல்யாண உடைக்கு அளவு கொடுக்க என் தையற்கடைக்கு வருவோரும் அதையே முணுமுணுக்கிறார்கள். வாயில் குண்டூசி இருப்பதால் மறுக்கவும் இயலவில்லை.

அடுத்த மேடையில் நான்காம் சரணத்தைப் பாடுங்கள். வேறு கோரிக்கை இல்லை.

இங்ஙனம்,
தையற்கடைக்காரி

மார்ச் 19

புலவர் அம்மாவுக்கு,

சௌக்கியமா? உன் கடுதாசியைப் படிக்க அகராதியைத் தேடினேன். கல்யாணத்துல போடுற பாட்டும்மா அது. அவ பூட்டிட்டுக் கிளம்பிட்டாள்னு பாடினா மாப்பிள்ளை என்னைத்தான் அடிக்க வருவான். ஊரே உன்னை நல்லவள்னு கொண்டாடுது, அதுல உனக்கு என்ன கஷ்டம்? மூட்டுவலி எப்படி இருக்கு?

உன் பாட்டுக்காரன்

மார்ச் 27

ஐயா,

மூட்டுவலி நலம். நல்லவள் என்ற சட்டை எனக்கு அளவாக இல்லை, திருப்பி அனுப்புகிறேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் நானே கற்ற எழுத்தில் முழுமையாக எழுதிய ஒரே பாடல் அது. அதில் வெளியேறுபவள் நான். நான்காவதை வெட்டி, நிற்பவளைத் தாங்களே உண்டாக்கினீர்கள். பாடுவீர்களா, மாட்டீர்களா?

தையற்கடைக்காரி

ஏப்ரல் 20

புலவரே,

பாடிட்டேன். ஒரு வரி விடாம. கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு, முன் வரிசையில அழுதாங்க. முடிச்சிட்டு நானும் ரெண்டு வார்த்தை சொன்னேன்: "இது அவ கோவத்துல எழுதினது. இன்னும் எனக்காகத்தான் காத்திருக்கா." இப்ப திருப்திதானே?

உன் பாட்டுக்காரன்

மே 2

ஐயா,

நான்காவதைப் பாடிவிட்டு ஐந்தாவதைத் தாங்களே எழுதிவிட்டீர்கள்.

இன்று பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். மேசையில் வெட்டிக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டு, சுருதி சேராத என் குரலில் அந்தச் சரணத்தை நானே பாடிக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பொருளும் சொன்னேன். கண்களைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்.

"கவலப்படாதீங்கம்மா, அவர் கண்டிப்பா திரும்பி வந்துடுவார்."

வந்துவிடாதீர்கள். பாட்டைத் தங்களால் இனித் திருத்த முடியாது, இதையாவது செய்யுங்கள்.

தையற்கடைக்காரி