விளையாட இயலாத நிலை

பிப். 3, செவ்வாய்

பனி. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்து வந்தது. கீழே ஆறு இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஐந்தரைப் பயிற்சிக்குப் பத்து நிமிடத் தாமதம். பி.டி. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் ஆட்டத்தில் இறங்குபவள் இல்லை. தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை.

வாங்க வேண்டியவை: ஹேர்பின், மட்டைக்கு கிரிப், அம்மாவுக்கு வலித் தைலம்.

ஏழு மணி இருக்கும். ஸ்டெல்லா பின்னால் போன பந்தை எடுக்கத் திரும்பினாள். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ஒரு சத்தம். கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. மூன்று வருடமாக எங்கள் பூப்பந்து அணியின் கேப்டன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. "மேடம், அடுத்த புதன்கிழமை ஃபைனலுக்குச் சரியாயிடும் மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மேடம்தான் ஐஸ் வைத்தார். ஆட்டோவில் அவரே கூடப் போனார். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

மதியம் வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. அந்தச் சத்தம்தான்.

பிப். 4, புதன்

கல்லூரி முடிந்து புத்தூர் ஆஸ்பத்திரி. அணியில் ஆடும் ரஹ்மத்தும் நானும். ரஹ்மத் வழியெல்லாம் பேசினாள், வார்டு வாசலில் நிறுத்திவிட்டாள்.

முட்டியில் தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும். பிறகு ஒரு வருடம் ஓடக் கூடாது. ஸ்டெல்லாவின் அம்மா லால்குடியிலிருந்து வந்திருக்கிறார், சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எங்களுக்குப் போய்.

ஸ்டெல்லா காலைப் பற்றிப் பேசவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். காலையில் கல்லூரி ஆபீஸிலிருந்து ஆள் கொண்டுவந்து கொடுத்ததாம். "விளையாட இயலாத நிலை ஏற்பட்டுள்ளதால்" விளையாட்டுக்காகக் கொடுத்த கட்டணச் சலுகை ரத்து. இந்த வருடக் கட்டணம் கட்ட வேண்டும். மாத முடிவில் ஹாஸ்டல் அறையைக் காலி செய்ய வேண்டும்.

ஒரே நாளில். நாங்கள் டீ வாங்கிக் கொடுப்பதற்குள்.

அந்த வரி எனக்குத் தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டுப் படிவத்தில் ஏழாவது வரி. பி.காம். சேர்ந்த அன்று நான் படித்தேன், அப்பா கையெழுத்துப் போட்டார். எம்.காம். சேர்ந்தபோதும் அதே படிவம், அதே வரி. எனக்கு முன் எங்கள் வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை. அந்தக் காகிதத்தில் எதையும் கேள்வி கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டு. கல்லூரி அட்மிஷன் ஃப்ளெக்ஸ் அங்கே இருக்கிறது. நடுவில் ஸ்டெல்லா, மட்டையோடு காற்றில். இரண்டு கால்களும் தரையில் இல்லை.

பிப். 6, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தலைவலி.

பயிற்சிக்குப் பிறகு சாமான் அறையில் ரஹ்மத் கதவைச் சாத்தினாள். வலை, சுண்ணாம்பு மூட்டை, நாங்கள் ஒன்பது பேர். ஆடும் நால்வர், வெளியே நிற்கும் ஐவர்.

"சங்கம் வைக்கணும்டி."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அமெரிக்காவில் கல்லூரியில் விளையாடுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கிறார்களாம், சங்கம் வைக்க வழக்குவரை போயிருக்கிறார்களாம். போனில் படித்திருக்கிறாள்.

"அங்க மேட்ச் பாக்க லட்சம் பேர் வருவான். நம்ம மேட்ச யாரு பாக்குறா? வாட்ச்மேன் அண்ணன். அவரும் பாதியில தூங்கிடுறாரு" என்றாள் ஒருத்தி.

ரஹ்மத்: "ஃப்ளெக்ஸ யாரு பாக்குறா? ஊரே பாக்குது. அதுல யாரு மூஞ்சி? பிரின்சிபால் மூஞ்சியா?"



பிறகு கல்லூரிக்கு ஒரு கடிதம். "சம்பளம்" என்று எழுதலாமா? வேண்டவே வேண்டாம் என்று நான்கு பேர். உதவித்தொகை என்று போடு. சம்பளம் என்றால் திமிர் என்பார்கள். ரஹ்மத்: "தினம் நாலு மணி நேரம் ஓடுறோம். லீவு போட்டா திட்டு. விழுந்தா வெளியே. சம்பளத்துக்கு இல்லாம வேற எதுக்குடி இதையெல்லாம் பொறுத்துக்கறாங்க மனுஷங்க?" கடைசியில் அந்தச் சொல்லே இல்லாமல் எழுதினார்கள். ஆடும்போது அடிபட்டால் கல்லூரிதான் வைத்தியம் பார்க்க வேண்டும். அடிபட்டவளின் சீட்டைப் பறிக்கக் கூடாது. இரண்டே.

எனக்குச் சம்பளம் வேண்டுமா? தெரியவில்லை. பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். படிப்பைச் சும்மா கொடுக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சும்மா கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதுதான் பயமாக இருக்கிறது.

மணப்பாறைப் பெண் அகிலா, முதலாம் ஆண்டு, ஹாஸ்டல், வாசல் வரை வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க என்ன பண்ணுவீங்களோ அதையே நானும் பண்ணிடுறேன்க்கா." என்னிடமா?

பிப். 8, ஞாயிறு

வெயில் தொடங்கிவிட்டது. துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. அம்மா பக்கத்து வீட்டு ரவிக்கைகளுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு விடுமுறை. அவர் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குபவர், அவர்களுக்குச் சங்கம் உண்டு. அதனால் கேட்டேன். பொதுவாகக் கேட்பதுபோல்.

"பந்து அடிக்கிறதுக்குச் சங்கமா? நாங்க மூட்டை தூக்குறோம்மா."

"அவங்களும் கஷ்டப்பட்டுத்தானேப்பா ஆடுறாங்க."

"இல்லேங்கல. முதுகு போச்சுன்னா எங்களுக்கு யாரு கேக்குறா, சங்கம்தான் கேக்குது. ஆனா அது வந்தப்ப முதல்ல பேர் குடுத்த ஆறு பேருக்கு நாலு மாசம் வேலை இல்ல. அதுல நான் ஒருத்தன். நீ வயித்துல. உங்க அம்மாவக் கேளு."

அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேக்க வேணாம். அவ எங்கயும் பேர் குடுக்க வேணாம்" என்றார்.

"மகேசு குடுக்க மாட்டா" என்றார் அப்பா. "அவ வாயத் திறந்து காப்பி பத்தலன்னு கூடச் சொல்ல மாட்டா."

இருவரும் சிரித்தார்கள். நானும்.

பிப். 9, திங்கள்

கடிதத்தை ரஹ்மத் ஆபீஸில் கொடுத்தாள். வாங்கிய கிளார்க் படித்துவிட்டு, "வீட்ல பெரியவங்க இருக்காங்களா பாப்பா?" என்றாராம்.

மாலை வரை பதில் இல்லை. எனவே ரஹ்மத் சொன்ன வழி இது: புதன்கிழமை ஃபைனல், எங்கள் மைதானம். ஸ்டெல்லாவின் சீட்டு பற்றி எழுத்தில் வராவிட்டால் ஆடும் நால்வரும் கோட்டுக்குள் இறங்க மாட்டார்கள். முழுதாக ஐந்து பேர் இறங்காவிட்டால் அணியே இல்லை, ஆட்டம் எதிரணிக்கு.

"ஆனா மேடம் உங்களத்தான் இறக்குவாங்க" என்றாள் ரஹ்மத். எங்களைப் பார்த்து. வெளியே நிற்பவர்கள் சரியாக ஐந்து பேர். "உங்கள்ல ஒருத்தி இறங்கலன்னாலும் போதும். என்னடி, மகேஸ்வரி?"

தலையாட்டினேன்.

எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. கூப்பிட்டால் ஆட்டுவேன், அவ்வளவுதான்.

பிப். 10, செவ்வாய்

மேடம் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"நாலு வருஷமா வெளிய நிக்கிற. நாளைக்கு நீ சென்டர். யுனிவர்சிட்டி செலக்டர்ஸ் வர்றாங்க. ஃபைனல் ஆடினேன்னு ஒரு சர்டிபிகேட் இருந்தா கவர்மென்ட் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால எழுதலாம். உங்க அப்பா என்ன பண்றாரு?"

சொன்னேன்.

"அதனாலதான் சொல்றேன். அந்த நாலு பிள்ளைங்களுக்கு என்ன, வசதியான வீடு இருக்கு. எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா. டீம் இறங்கலன்னா அடுத்த வருஷம் இந்த கேமே வேண்டாம்னு எடுத்துடுவாங்க. அப்ப ஒருத்திக்கும் சீட்டு இல்ல. இறங்குவல்ல?"

தலையாட்டினேன்.

அறையை விட்டு வந்தேன். குழாயடியில் போய் நின்றேன். இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டேன். ரஹ்மத் நான் இறங்க மாட்டேன் என்று நம்புகிறாள். மேடம் இறங்குவேன் என்று நம்புகிறார். இருவரும் நான் சொன்னதைத்தான் நம்புகிறார்கள்.

மேடம் சொன்னது பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

வெட்கமான விஷயம், இங்கே எழுதலாம்: எனக்கு ஆட ஆசை. சென்டரில் நின்று அந்த மஞ்சள் பந்து நேராக என்னிடம் வர வேண்டும். பஸ்ஸில் கை தானாக மட்டை பிடித்தது.

பிப். 11, புதன்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணி. ஆபீஸிலிருந்து எழுத்தில் ஒன்றும் வரவில்லை. புதிதாகச் சுண்ணாம்புக் கோடு. எதிரணி கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தது. எங்கள் நால்வர் கோட்டுக்கு வெளியே, மட்டைகளைக் கீழே வைத்துவிட்டு. கத்தவில்லை. ரஹ்மத் குனிந்து ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் பெயர் வாசித்தார். முதல் மூவர் இறங்கினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே. நான்காவது அகிலா. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் இறங்கிவிட்டாள். அது என் தப்பு. அவள் கேட்டது என்னிடம்.

"மகேஸ்வரி."

கோடு வரை நடந்தேன். ஷூ முனை சுண்ணாம்பில் பட்டது. உள்ளே நான்கு பேர், நடுவில் எனக்கான இடம் காலி. மாட்டேன் என்று சொல்ல வேண்டும். மா என்று வாய் திறந்தது. அடுத்த எழுத்து வரவில்லை.

"முட்டி வலிக்குது மேடம்."

"காலைல நாலு ரவுண்டு ஓடினியே?"

"இப்பத்தான் மேடம்."

"எந்தக் கால்?"

"இடது."

நடுவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு மணி பார்த்தார். மேடம் கத்தவில்லை. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார், "நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?" நான் தலையாட்டினேன். இந்த முறை எதற்கு என்று தெரியும்.

விசில். ஆட்டம் எதிரணிக்கு. அவர்கள் குதித்தார்கள், பாவம், ஒரு பந்துகூட அடிக்காமல். மேடம் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே எழுதினார்: விளையாட இயலாத நிலை. கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஏழாவது வரி.

பஸ் ஸ்டாண்டில் ரஹ்மத். "லூசு. மாட்டேன்னு சொல்லியிருந்தா திமிர்னு எழுதியிருப்பாங்க. இப்ப உன் சீட்ட நீயே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க."

"மாட்டேன் வரலடி."

சிரித்தாள். பிறகு என் பையை வாங்கிக்கொண்டாள். நிஜமாகவே கால் வலிக்கிறவளுக்குச் செய்வதுபோல்.

பிப். 12, வியாழன்

மேகம். மழை இல்லை.

கல்லூரியிலிருந்து போன். நாளை பத்து மணி, தகப்பனாருடன். கல்லூரி டாக்டர் காலைப் பார்ப்பார்.

வலி இருந்தால் சீட்டு போகும். இல்லையென்றால் பொய் சொன்னேன் என்று போகும். எல்லாவற்றையும் வீட்டில் சொன்னேன். அம்மா இரண்டு முறை அடுப்பைத் துடைத்தார். அப்பா, "எந்தக் கால்னு சொன்ன?" என்றார்.

"இடது."

"ஞாபகம் வச்சுக்க. மாத்தி நொண்டிடாத."

சிரிக்க முயன்றார். முடியவில்லை.

ரஹ்மத் போனில்: நொண்டாதே, உண்மையைச் சொல், நாங்கள் நால்வரும் எழுதித் தருகிறோம். ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு செய்தி: "ஏன்டி இப்படிப் பண்ணின?" அடுத்து எதுவும் இல்லை. கோபமா நன்றியா, தெரியவில்லை.

சான்றிதழ்களின் நகல் எடுத்து வைத்தேன். பி.காம். பட்டத்தை இரண்டு பிரதி. அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. முடியாதுதானே?

பிப். 13, வெள்ளி

ஆபீஸ் வெளிப் பெஞ்சு. ஒன்பது ஐம்பது. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். வலிக்கவில்லை, ஸ்டெல்லாவுக்காக இறங்கவில்லை. இரண்டு வாக்கியம். அம்மா மண்டபம் நிறுத்தம் முதல் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அப்பா எதிர்ச் சுவரில் இருக்கும் கோப்பைகளை எண்ணுகிறார். "இதெல்லாம் நீங்க ஜெயிச்சதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பூட்டி வச்சிருக்காங்களே" என்றார்.

ஒன்பது ஐம்பத்தைந்து. அகிலா வந்திருக்கிறாள். தனியாக, கையில் ஒரு மனு. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"எனக்கும் முட்டி வலிக்குதுன்னு எழுதிட்டேன்க்கா. உங்களுக்குத் துணையா."

போய்விடு என்றேன். இவ்வளவு அழுத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. உனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, கிழித்துப் போடு. அவள் காலை நீட்டிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நீட்டியது வலது கால்.

நான் உண்மையைச் சொன்னால் இவள் பொய் சொன்னவளாவாள். சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சீட்டு போகும். பஸ்ஸில் போட்ட கணக்கில் இவள் இல்லை.

உள்ளே டாக்டர் குரல். மேடம் குரல். யாரோ அகிலாவின் மனுவை உள்ளே வாங்கிப் போய்விட்டார்கள், நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே.

கதவு திறக்கிறது. அகிலா என்கிறார்கள்.

அவள் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். நோட்டை அப்பாவிடம் கொடுக்கிறேன். முதலில் நான்தான்