மேட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏசி

மார்ச் 4
இன்றும் என் மனைவி வேர்வையில் குளித்துவிட்டு வந்தாள். பையைச் சோபாவில் எறிந்தாள். “உங்க கம்ப்யூட்டருக்கு ஃபேன் ஓடுது. ஓட்டுற எனக்கு ஓடக்கூடாதா?”

நியாயம்தான். அவள் ஓட்டுவது மின்சார பஸ். சாலையின் குறுக்கே யார் வந்தாலும், கேமராப் படங்களை அலசி எச்சரிக்கும் கணினி ஒன்று அதில் இருக்கிறது. அதற்கு நிரல் எழுதியவன் நான். அது பேட்டரியைக் குடிக்கும் குடியில், மேட்டுக் குடியிருப்புக்குப் போகும் பஸ்ஸில் ஏசிக்குத் தடை.

மார்ச் 6
ஏசியை நிறுத்தியும் போதவில்லையாம். அடுத்த மாதம் முதல் பஸ் அடிவாரத்தோடு சரி என்கிறார் பஸ் நிறுவன மேலாளர். கைக்குழந்தைக்காரர்கள் எப்படி ஏறுவார்கள்? வீட்டில் நான் சொல்வதற்குள், என் முகத்தைப் பார்த்தே மனைவி தெரிந்துகொண்டாள்.

மார்ச் 9
அத்தனை அலசலையும் பஸ்ஸே ஏன் சுமக்க வேண்டும்? தொலைதூரக் கணினி மையத்துக்குப் படங்களை அனுப்பினால், பதில் வருவதற்குள் குறுக்கே வந்தவர் கதி? பக்கத்திலேயே — சிக்னல் கம்பங்களில் — சின்னக் கணினிப் பெட்டி வைத்தால்? எல்லா பஸ்ஸுக்கும் அதே பெட்டிகள். பஸ் இல்லாதபோது தூங்கட்டும். பெட்டி கைவிட்டால் மட்டும் பஸ்ஸின் கணினி பார்த்துக்கொள்ளும்.

மார்ச் 10
மேலாளர்: “செஞ்சு காட்டுங்க, பாப்போம்.” அவர் வாயிலிருந்து இவ்வளவு வந்ததே பெரிது.

மார்ச் 19
முதல் சோதனையில் மண்ணைக் கவ்வினோம். பெட்டிகள் கும்பகர்ணன்கள்! கண்ணைக் கசக்கிக்கொண்டு அவை எழுவதற்குள் பஸ் தாண்டிப் போய்விடுகிறது. கடைசியில் பழைய கணினிதான் எல்லா வேலையையும் செய்தது. எந்நேரமும் விழித்திருக்கச் சொன்னால் கம்பங்கள் மின்சாரத்தைக் குடிக்க ஆரம்பிக்கும். ஐயோ, என்னதான் பண்றது?

மார்ச் 21
டிப்போவிலிருந்து வழக்கம்போல் அவள் போன். “கிளம்பிட்டேன், டீ போட்டு வைங்க.” டீ கொதிக்கையில் உறைத்தது. பஸ் வந்து எழுப்புவானேன்? இந்தக் கம்பம் அடுத்த கம்பத்துக்குச் சொன்னால் போதாதா — ‘கிளம்பிட்டா, எழுந்திரு’ என்று? பெட்டிகளைச் செய்த நண்பன் தாடிக்கு உடனே போன் போட்டேன். “அட கிறுக்கா, இது ஏன்டா நமக்குத் தோணல!” என்றான். அவள் வந்தபோது டீ பொங்கி அடுப்பெல்லாம் ஓடியிருந்தது. திட்டு வாங்கினேன். இனித்தது.

மார்ச் 27
சோதனை ஓட்டம். அவள் ஓட்டினாள். பயணிகள் நடுவே மடிக்கணினியோடு நானும் தாடியும். ஒவ்வொரு கம்பமாக விழித்தது. பஸ் தாண்டியதும் சமர்த்தாகத் தூங்கியது. பாதி ஏற்றத்தில் அவள் குரல்: “பேட்டரி இறங்கவே மாட்டேங்குதே. மீட்டர் கெட்டுப் போச்சா?”
“கெடல. மிச்சமாகுது.”
“அப்ப போடட்டுமா?”
போட்டாள். மொத்த பஸ்ஸும் “ஹா...” என்றது. உச்சியில் இறங்கி, தாடி ஒரு குத்தாட்டமே போட்டான்.

மார்ச் 28
மேலாளர்: “பரவாயில்லையே.” இதை ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டும் என்கிறான் தாடி.

ஏப்ரல் 15
காலையில் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.
“என்ன தேடுறே?”
“ஸ்வெட்டர். மேட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பல்லு தந்தியடிக்குது.”
நானே தேடி எடுத்துக் கொடுத்தேன்.