கல்யாணத்துக்கு மட்டும் அப்பா

ஹவுரா
4-7-1982

தமயந்திக்கு,

இங்கு நலம். நீயும் ஜெயாவும் சௌக்கியமென்று நினைக்கிறேன்.

விவாகரத்தின்போது பெரியவர்கள் முன்னால் பேசியபடி ஜெயாவின் செலவுக்கு மாதாமாதம் அனுப்பிவந்தேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அத்தோடு நிறுத்துகிறேன். இங்கே என் பையன் மஹாதேவனும் படிக்க வேண்டும்.

ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் சேர்க்கப்போகிறாயாம், உன் தெருவிலிருக்கும் வெங்கடராமன் சொல்லித்தான் தெரியும். என்னைக் கேட்டாயா? திருச்சியில் நல்ல வரன் இருக்கிறது. கல்யாணச் செலவு முழுக்க என்னுடையது. படிப்புக்குத் தர முடியாது.

வீரராகவன்

கல்கத்தா
9-7-1982

வீரராகவன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

மணியார்டர் தவறவில்லை, சரி. அவள் டைஃபாய்டில் கிடந்தபோது எங்கே போனீர்கள்?

நாம் பேசி முடித்த அன்று அவளுக்கு ஆறு வயது. என்ன படிப்பாள் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் அந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்கிறேன். படிப்பு முடியும்வரை நீட்டுங்கள். என் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடுகிறது.

கல்யாணமென்றால் மணையில் உட்கார்ந்து தாரை வார்ப்பீர்கள், ஊரே பார்க்கும். காலேஜ் ஃபீஸ் கட்டினால் யார் பார்ப்பார்கள்? அதுதானே உங்கள் கணக்கு? வக்கீலைப் பார்த்துவிட்டேன். கோர்ட்டுக்கும் வருவேன்.

தமயந்தி

ஹவுரா
16-7-1982

தமயந்திக்கு,

கோர்ட் என்று மிரட்டாதே. டைஃபாய்டின்போது வந்தேன். தூங்குகிறாள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாய். படியிறங்கும்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. மறந்துவிட்டாயா?

நேற்று ஜெயா என் ஆபீஸுக்கு வந்தாள். நீ அனுப்பினாய் என்று நினைத்துச் சத்தம் போட்டேன். அம்மாவுக்குத் தெரியாது என்றாள். அவளுக்குக் கோபத்தில் பாதிப் பேச்சு பெங்காலியில் வந்தது.

"கல்யாணத்துக்கு வெச்சிருக்கறதைப் படிப்புக்குக் குடுங்கோ. அம்மா கையில வேண்டாம், எங்கிட்டக் குடுங்கோ. மாசம் ஒரு தடவை நானே வந்து வாங்கிக்கறேன். வரன் பேச்சு எடுத்தா எழுந்து போயிடுவேன்" என்றாள்.

"போ" என்றேன். போகவில்லை. ஆபீஸ் மூடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பார்த்தார்கள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது அவளிடம்.

சரியென்று சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை.

வீரராகவன்

கல்கத்தா
21-7-1982

வீரராகவன் அவர்களுக்கு,

எனக்குத் தெரியாமல் உங்களிடம் போய் நின்றதற்கு அவளைத் திட்டித் தீர்த்தேன். "ஆறு வயசுல என்னைக் கேட்டுட்டா நீங்க ரெண்டு பேரும் ஏற்பாடு பண்ணேள்?" என்றாள்.

அன்று உங்களைத் திருப்பி அனுப்பியது நிஜம். உங்கள் இரண்டாவது கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்த வாரம் அது. அதற்காக வருத்தப்படுகிறேன் என்று எழுத மாட்டேன்.

பணத்தை அவளிடமே கொடுங்கள். மாதாமாதம் முதல் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவாள். அங்கே அவள் மனம் நோகும்படி யாராவது ஒரு வார்த்தை சொன்னால், கோர்ட் நோட்டீஸ் வருவதற்கு முன்னால் நானே உங்கள் வாசலில் வந்து நிற்பேன். சாப்பிட வைத்து அனுப்புங்கள். கத்தரிக்காய் மட்டும் வேண்டாம், உடம்பெல்லாம் தடித்துவிடும். இருட்டுவதற்குள் பஸ் ஏற்றிவிடுங்கள்.

இத்தனை வருஷமும் உங்களுக்கு எழுத அவள் ஒரு காரணமாக இருந்தாள். இனி அவளே பேசிக்கொள்வாள். எனக்குப் பதில் போட வேண்டாம்.

தமயந்தி